இன்னும் உலராத சீமாட்டி

வாஷிங்டன் தேசிய ஓவியக்கூடத்தில், ஒன்றரை மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட கான்வாஸ் ஒன்றில் பிரிஜிடா ஸ்பினோலா டோரியா நிற்கிறார். வெள்ளி மினுங்கும் சாட்டின் உடை. முகத்தைச் சுற்றித் தோளையே மறைக்கும் அளவுக்கு அடுக்கடுக்காக மடித்த வெள்ளைக் கழுத்துப்பட்டி. கையில் விசிறி. பின்னால் ஒரு மாளிகையின் முகப்பு, அதன் முன் புரளும் சிவப்புத் திரை. சற்றே மேலிருந்து நம்மைப் பார்க்கும் கண்களில் சிரிப்பு எட்டிப் பார்க்கிறது. அவருக்கு வயது 22. முந்தைய ஆண்டுதான், 1605இல், ஜியாகோமோ மாசிமிலியானோ டோரியாவை மணந்திருந்தார். வரைந்தவர் பீட்டர் பால் ரூபன்ஸ். ஆண்டு 1606, ஊர் ஜெனோவா. ஓவியருக்கும் அப்போது முப்பது வயது ஆகவில்லை.

ஸ்பினோலா, டோரியா இரண்டுமே ஜெனோவாவின் பெருங்குடும்பங்கள். ஸ்பெயின் மன்னருக்கே கடன் கொடுத்த வங்கியாளர்கள் அந்த ஊர்க்காரர்கள். அமெரிக்கச் சுரங்கங்களில் வெட்டிய வெள்ளி செவில் துறைமுகத்தில் இறங்கியதும் அதில் ஒரு பெரும் பங்கு அசலாகவும் வட்டியாகவும் அவர்கள் கைக்குப் போனது. ரூபன்ஸ் ஃபிளாண்டர்ஸிலிருந்து 1600இல் இத்தாலிக்கு வந்து, மான்டுவா கோமகன் வின்சென்சோ கொன்சாகாவிடம் அரண்மனை ஓவியராக இருந்தார். கோமகனுக்கும் ஜெனோவா வங்கியாளர்களுக்கும் நெடுநாள் கொடுக்கல் வாங்கல் உண்டு. அந்த வழியில்தான் அந்நகரத்து மாளிகைகளுக்குள் ரூபன்ஸ் நுழைந்தார்.

வரலாறு இவ்வளவு போதும். இந்த அத்தியாயம் பிரிஜிடாவை ஆக்கியிருக்கும் பொருள்களைப் பற்றியது: விதையிலிருந்து பிழிந்த எண்ணெய், ஈயம், மண், பூச்சி, கண்ணாடித்தூள், நார்த் துணி. இவற்றை ரூபன்ஸ் ஓர் ஒழுங்கில் அடுக்கிவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்தார். அடுக்கியவை அதோடு ஓயவில்லை. நானூறு ஆண்டுகளாக ஒன்றோடொன்று வினைபுரிந்தபடி இருக்கின்றன. இன்று நாம் பார்ப்பது அந்த வினையின் ஒரு கட்டத்தை மட்டுமே. ஒரு பழைய ஓவியத்தின் முன் நிற்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்வது பார்வையையே மாற்றிவிடும் என்று நான் நம்புகிறேன்.

எண்ணெயிலிருந்து தொடங்குவோம். தேங்காய் எண்ணெயை ஒரு பலகையில் தடவி வைத்தால் மாதக்கணக்கில் பிசுபிசுப்பாகவே கிடக்கும். ஆளிவிதை எண்ணெயைத் தடவினால் சில நாள்களில் விரலில் ஒட்டாத தோலாகிவிடும். மூலக்கூறு அமைப்பில் இரண்டும் ஒரே குடும்பம்: ஒரு கிளிசராலில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள். தேங்காய் எண்ணெயின் சங்கிலிகள் பெரும்பாலும் நிறைவுற்றவை, வினைபுரிய இடமில்லாதவை. ஆளிவிதை எண்ணெயிலோ பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம். அதன் ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்று இரட்டைப் பிணைப்புகள் உண்டு. அந்தப் பிணைப்புகளுக்கு இடையில் இருக்கும் ஹைட்ரஜன் எளிதில் கழன்றுவிடும். கழன்ற இடத்தில் காற்றின் ஆக்சிஜன் வந்து சேரும். சேர்ந்ததும் அது பக்கத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சங்கிலி அடுத்ததைப் பிடிக்கும். கடைசியில் படலம் முழுவதும் முப்பரிமாண வலையாகப் பின்னிக்கொள்கிறது.

நீர்வண்ணம் காயும்போது நீர் வெளியேறுகிறது. எண்ணெய் வண்ணம் காயும்போது காற்று உள்ளே வருகிறது. அதனால்தான் காயும் ஆளிவிதை எண்ணெயின் எடை குறையாமல் கூடுகிறது. பத்து விழுக்காடு வரைகூட உயரலாம். தொட்டால் ஒட்டாத நிலைக்கு வர நாள்கள் போதும். உள்ளே வலை இறுகி முடிய ஆண்டுகள் பல ஆகும். அதற்குப் பிறகும் அமைதியில்லை. பின்னிய வலையிலிருந்து அமிலத் துண்டுகள் உடைந்து விழுகின்றன. காற்றின் ஈரம் கிளிசரால் பிணைப்புகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது.

இந்த வினைகளின் பக்க விளைவாக எண்ணெய்க்குள் மஞ்சள் நிறச் சேர்மங்கள் உண்டாகின்றன. இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக அமைந்த அந்தச் சேர்மங்கள் நீல ஒளியை விழுங்கிவிடுகின்றன. இருட்டில் அவை பெருகும்; வெளிச்சம் பட்டால் சிதைந்து வெளுக்கும். ரூபன்ஸுக்கு இரட்டைப் பிணைப்பு தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் இந்த நிகழ்வு தெரியும், அதைச் சரிசெய்யும் வழியும் தெரியும். 1638 மார்ச் மாதம், புளோரன்ஸ் நகரில் மெடிச்சி அரண்மனை ஓவியராக இருந்த தன் நாட்டுக்காரர் யூஸ்டஸ் சஸ்டர்மன்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். போரின் கொடுமைகளைச் சித்திரிக்கும் பெரிய ஓவியம் ஒன்றைப் பெட்டியில் அடைத்து அனுப்பியிருந்தார். புது ஓவியம் நெடுநாள் பெட்டிக்குள் கிடந்தால் சதை நிறங்களும் வெள்ளைகளும் மஞ்சளடித்துவிடக்கூடும், அவ்வப்போது வெயிலில் வைத்தால் சரியாகிவிடும் என்பது அதில் அவர் சொல்லும் யோசனை. அந்த ஓவியம் இன்று புளோரன்ஸின் பிட்டி மாளிகையில் இருக்கிறது. கடிதத்தில் இருக்கும் வேதியியல் இன்றைய ஆய்வகச் சோதனைக்கும் அப்படியே ஒத்துவருகிறது.

வெள்ளை நிறத்துக்கு ஆளிவிதைக்குப் பதில் அக்ரூட் பருப்பின் எண்ணெயை இத்தாலிய ஓவியர்கள் நாடியதும் இதே காரணத்தால்தான். அதில் லினோலெனிக் அமிலம் மிகக் குறைவு. மெதுவாகக் காயும், மஞ்சளும் குறைவாகவே அடிக்கும். அது மஞ்சளடிப்பது குறைவு என்பதை 16ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய ஓவியர் வசாரி எழுதிவைத்திருக்கிறார்.

இனி அந்த வெள்ளை. பிரிஜிடாவின் உடை, கழுத்துப்பட்டி, முகம் மூன்றுக்கும் அடிப்படை ஒரே பொருள்: ஈய வெள்ளை. எண்ணெயில் குழைத்தால் மறைக்கும் ஆற்றலோடு நிற்கும் வெள்ளை அக்காலத்தில் வேறு கிடையாது. சுண்ணாம்புத்தூளை எண்ணெயில் போட்டால் அதன் ஒளிவிலகல் எண்ணும் எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், ஒளி சிதறாமல் ஊடுருவிப் போய்விடும். வெள்ளை மங்கிக் கலங்கல் சாம்பலாகிவிடும். ஈய வெள்ளையின் எண் ஏறத்தாழ 2. எண்ணெயுடையது 1.48. இந்த இடைவெளிதான் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது.

ஈய வெள்ளை செய்யும் முறை மிகப் பழையது, மிகவும் கொடியதும்கூட. சுருட்டிய ஈயத் தகடுகளை மண்பானையில் காடிக்கு மேலாக நிறுத்துவார்கள். பானைகளை அடுக்கி, சுற்றிலும் குதிரைச் சாணத்தைக் கொட்டி மூடிவிடுவார்கள். சாணம் நொதிக்கும்போது வெப்பமும் கார்பன் டை ஆக்சைடும் வெளிவரும். வெப்பத்தில் காடி ஆவியாகி ஈயத்தை அரிக்கும். அரித்ததைக் கார்பன் டை ஆக்சைடு கார்பனேட்டாக்கும். சில வாரங்களோ மாதங்களோ கழித்துத் திறந்தால் கரிய உலோகத்தின் மேல் வெண்மையான செதில்கள் பூத்திருக்கும். அதைச் சுரண்டி, கழுவி, அரைப்பார்கள். சுரண்டியவர்களும் அரைத்தவர்களும் வயிற்றுவலியிலும் கைகால் வீழ்ச்சியிலும் வதைபட்டார்கள். ஐரோப்பிய ஓவியத்தின் ஒளி முழுவதும் அந்தத் தொழிலாளர்களின் உடலில் ஏறிய ஈயத்தின் விலைக்கு வந்தது. இதைச் சொல்லாமல் அந்த ஒளியைப் புகழ்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதே பொடியைத்தான் அக்காலச் சீமாட்டிகள் முகத்திலும் பூசினார்கள். வெயில் படாத வெண்ணிறம் உயர்குடியின் அடையாளமாக இருந்ததால், ஐரோப்பா முழுவதும் ஈய வெள்ளை முகப்பூச்சாக விற்றது. தோல் கெட்டது, கெட்ட தோலை மறைக்க இன்னும் தடிமனாகப் பூசினார்கள். ஓவியர் தட்டிலும் சீமாட்டியின் ஒப்பனை மேசையிலும் ஒரே நச்சு இருந்த காலம் அது. வெறும் வெள்ளை முகத்தை உயிருள்ளதாக்க இரு தரப்பும் மேலே சேர்த்த சிவப்புகள்கூட ஒத்தவைதான்.

ஈயம் இன்றைய ஆய்வாளருக்கு ஒரு பெரும் வரம். அதன் அணு எண் 82. எக்ஸ் கதிரை அது நன்றாக விழுங்கும். எனவே ஓவியத்தை எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தால் ஈய வெள்ளை தடிமனாக உள்ள இடமெல்லாம் பளீரென்று தெரியும். எங்கே ஓவியர் முதலில் நெற்றியை வைத்தார், எங்கே கையை நகர்த்தினார் என்பதெல்லாம் வெளிப்படும். அந்த ஈயத்துக்குப் பிறந்த ஊரும் உண்டு. சுரங்கத்துக்குச் சுரங்கம் ஈய ஐசோடோப்புகளின் விகிதம் மாறும். 17ஆம் நூற்றாண்டில் ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே விற்ற ஈய வெள்ளைக்கும் தெற்கே விற்றதற்கும் இந்த விகிதம் வேறு. இத்தாலியிலும் ஆண்ட்வெர்ப்பிலும் வரைந்த ரூபன்ஸ், வான் டைக் போன்றவர்களின் ஓவியங்களில் எது எந்த ஊரில் பிறந்தது என்ற கேள்விக்கு, ஒரு மணல்துகள் அளவு வண்ணத் துணுக்கு பதில் சொல்லும்.

காலத்தையும் ஈயம் சொல்லும். தாதிலிருந்து ஈயத்தை உருக்கிப் பிரிக்கும்போது அதன் கதிரியக்கத் தாய்த்தனிமம் ரேடியம் பெரும்பாலும் கசடோடு போய்விடுகிறது. எஞ்சிய ஈயம்-210, 22 ஆண்டு அரை ஆயுளோடு தேய்ந்துகொண்டே வரும். முந்நூறு ஆண்டு ஆன வெள்ளையில் அது கிட்டத்தட்ட தீர்ந்துபோயிருக்க வேண்டும். 1960களின் இறுதியில் அமெரிக்கரான பெர்னார்ட் கெய்ஷ் இந்த முறையில் சோதித்து, வெர்மீர் பெயரில் ஹான் வான் மேகெரன் வரைந்த போலிகளில் ஈயம் இளமையாகவே இருப்பதைக் காட்டினார். அண்மை ஆண்டுகளில் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. சாணம் நொதித்து வெளிவிட்ட கார்பன் அந்த வெள்ளைக்குள்ளேயே கார்பனேட்டாகப் பூட்டப்பட்டிருக்கிறதல்லவா? அதைக் கதிரியக்கக் கார்பன் முறையில் அளந்து, வெள்ளை தயாரான காலத்தை மதிப்பிட முடிகிறது. குதிரைச் சாணம் தேதி முத்திரை குத்தும் என்று பானை அடுக்கியவர் நினைத்திருக்க மாட்டார்.

எனக்கு இந்த ஓவியத்தில் கண்ணை எடுக்கவே முடியாத இடம் சாட்டின் உடைதான். அதில் வெள்ளி துளியும் இல்லை. பிறகு எப்படி மினுங்குகிறது?

முதலில் துணியைப் பார்ப்போம். சாட்டின் நெசவில் பாவு நூல் ஊடு நூலை ஒன்றுவிட்டு ஒன்று தாண்டுவதில்லை. நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட ஊடு நூல்களை ஒரே பாய்ச்சலில் தாண்டுகிறது. மேற்பரப்பில் பட்டு நூல்கள் நீளநீளமாக, ஒரே திசையில், முடிச்சில்லாமல் படுத்திருக்கின்றன. ஒளி அவற்றில் பட்டுச் சிதறாமல் ஏறத்தாழ ஒரே பக்கமாகத் திரும்புகிறது. துணி மடியும் இடத்தில் ஒரு கோடாகப் பளபளத்து, அடுத்த நொடியே இருண்டுவிடுகிறது.

இதை வண்ணத்தில் காட்டுவதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. வெயிலில் பளபளக்கும் பட்டுக்கும் அதன் நிழல் மடிப்புக்கும் உள்ள ஒளி வேறுபாடு பல நூறு மடங்கு இருக்கலாம். ஓவியரிடம் இருப்பதோ தன்மேல் பட்ட ஒளியில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பும் வெள்ளையும், நூற்றில் சில பங்கைத் திருப்பும் கறுப்பும். இந்தச் சிறு எல்லைக்குள் மினுமினுப்பு பிறக்க வேண்டும். எனவே வெள்ளை உடையை வெள்ளையாகத் தீட்டக் கூடாது. கிட்ட நின்று பாருங்கள்: உடையின் பெரும்பகுதி சாம்பல், மங்கிய காவி, நீலம் கலந்த சாம்பல். தூய வெள்ளை மடிப்பு முகடுகளில் மட்டும், தடித்த தூரிகை வீச்சுகளாக. அந்தச் சில வீச்சுகளுக்காக மற்ற பரப்பு முழுவதும் அடக்கி வாசிக்கிறது.

2007இல் இசாமு மோட்டோயோஷியும் எட்வர்ட் ஏடல்சன் உள்ளிட்ட அவரது கூட்டாளிகளும் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பரப்பின் படத்தில் எத்தனை புள்ளிகள் எந்த அளவு வெளிச்சம் என்று எண்ணிப் பார்த்தால், பளபளப்பான பரப்பில் பெரும்பாலான புள்ளிகள் மங்கலாகவும், மிகச் சில மட்டும் மிகப் பிரகாசமாகவும் இருக்கும். இந்தச் சாய்வு கூடக்கூட அதே பரப்பை நம் கண் இன்னும் பளபளப்பாக உணர்கிறது என்பது அவர்கள் கண்டது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இது மட்டும் போதாது என்று காட்டினார்கள். பிரகாசப் புள்ளிகள் சரியான இடத்தில், பரப்பின் வளைவோடும் நிழலோடும் ஒத்துப்போக வேண்டும். கொஞ்சம் இடம் மாறினாலும் அவை துணியில் தெளித்த சுண்ணாம்பாகத் தெரியும். ரூபன்ஸின் தூரிகை இரண்டு நிபந்தனைகளையும் நிறைவேற்றுகிறது. முதலாவதை விதியாகச் சொல்லித்தரலாம். இரண்டாவதற்கு மடிப்பின் வடிவத்தை முழுதாக உள்வாங்கிய கை வேண்டும். அந்தக் கை எத்தனை பேருக்கு வாய்த்தது என்பதை, அவரைப் பின்பற்றி வரைந்தவர்களின் தகரம் போன்ற சாட்டின்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முகத்தில் வேறொரு இயற்பியல் வேலை செய்கிறது. ரூபன்ஸின் சதை நிறங்களில், வெளிச்சம் நிழலாக மாறும் எல்லையில் மெல்லிய நீலச் சாம்பல் ஓடும். அங்கே பெரும்பாலும் நீல நிறமி தேவைப்படுவதில்லை. இருண்ட அடிநிறத்தின் மேல் வெளிறிய வண்ணத்தை மிக மெல்லிதாக இழுத்தால், அந்தப் படலத்தின் நுண்துகள்கள் நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். சிவப்பு ஊடுருவி அடியில் உள்ள இருட்டுக்குள் போய் மறைந்துவிடும். நம் மணிக்கட்டில் நரம்பு நீலமாகத் தெரிவதற்கும் ஒளிச்சிதறலே துணை நிற்கிறது. தோலை வரைய, தோல் செய்யும் வேலையையே வண்ணத்தையும் செய்யவைத்திருக்கிறார் ரூபன்ஸ்.

கழுத்துப்பட்டிக்கு வருவோம். மெல்லிய லினன் துணியைக் கஞ்சியில் தோய்த்து, சூடான இரும்புக் குச்சிகளால் ‘8’ வடிவ மடிப்புகளாக நிறுத்துவது ஒரு தனித் தொழில். மழை பட்டால் தொங்கிவிடும். வெள்ளையை இன்னும் வெள்ளையாகக் காட்டக் கஞ்சியில் நீலம் கலக்கும் வழக்கமும் அக்கால ஐரோப்பாவில் பரவியிருந்தது. வேட்டிக்கு நீலம் போடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த நீலம் ஸ்மால்ட். கோபால்ட் சேர்த்து உருக்கிய கண்ணாடியைத் தண்ணீரில் கொட்டி நொறுக்கி அரைத்த தூள். சலவைக்காரி பயன்படுத்திய அதே தூளை ஓவியரும் வானத்துக்கும் திரைக்கும் உடைக்கும் பயன்படுத்தினார். ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையில் வெட்டிய லாபிஸ் கல்லிலிருந்து எடுக்கும் அல்ட்ராமரீனோடு ஒப்பிட்டால் ஸ்மால்ட் மிக மலிவு.

மலிவுக்கு விலை பின்னால் வந்தது. கண்ணாடித்தூளில் இருக்கும் பொட்டாசியம் மெல்ல மெல்ல எண்ணெய்க்குள் கசிந்துவிடுகிறது. பொட்டாசியம் போனதும் கோபால்ட் அணுவைச் சுற்றியிருந்த நான்கு ஆக்சிஜன்களின் அமைப்பு குலைந்து ஆறாகிறது. நீலம் தந்தது அந்த நான்கின் அமைப்புதான். கோபால்ட் அங்கேயே இருக்கும். நிறம் மட்டும் போய்விடும். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் 17ஆம் நூற்றாண்டு ஓவியங்களின் சாம்பல் வானங்கள் பலவும், பழுப்பேறிய மேலாடைகள் சிலவும், ஒருகாலத்தில் நீலமாக இருந்தவை. எந்தத் தனிமம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் எடுக்கும் எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவியால் கோபால்ட்டைத் தேடினால், இழந்த நீலத்தின் எல்லைகள் துல்லியமாகத் தெரிகின்றன.

இந்தக் கருவியின் கதையில் 2008 ஒரு திருப்பம். ஆய்வாளர்கள் யோரிஸ் டிக், கூன் ஜான்சென்ஸ் குழுவினர் ஹாம்பர்க்கில் உள்ள துகள்முடுக்கியில் வான் கோவின் புல்வெளி ஓவியம் ஒன்றை வைத்து, அதன் அடியில் புதைந்திருந்த ஒரு பெண்ணின் தலையை நிறங்களோடு மீட்டார்கள். அப்போது ஓவியம் கருவியைத் தேடிப் போக வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் கருவி சக்கரத்தில் ஏறி ஓவியத்தைத் தேடி வந்துவிட்டது. பிரிஜிடா இருக்கும் வாஷிங்டன் கூடத்திலேயே ஜான் டிலேனி, ஓவியத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் திரும்பும் ஒளியை நூற்றுக்கணக்கான அலைநீளங்களாகப் பிரித்துப் பார்க்கும் படமெடுப்பு முறையை வளர்த்திருக்கிறார். ஓவியத்தைத் தொடாமலேயே இது எந்த நிறமி, எந்தப் பசை என்று கேட்க முடிகிறது.

இத்தகைய ஓவியங்களில் சீமாட்டிகள் அணிந்திருக்கும் தங்க நகைகளிலும் பெரும்பாலும் தங்கம் இல்லை. ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்த ஒரு மஞ்சள்தான் மின்னும். 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதைச் செய்யும் முறையே மறந்துபோய், பழைய ஓவியங்களில் அப்படி ஒரு நிறமி இருப்பதைக்கூட யாரும் அறியாமல் இருந்தார்கள். 1941இல் ம்யூனிக்கின் டோர்னர் நிறுவனத்தில் ரிச்சர்ட் யாக்கோபி அதை மீண்டும் கண்டுபிடித்தார்.

சிவப்புக்கு அக்காலத்தில் இரண்டு வழி. ஒன்று பாதரசமும் கந்தகமும் சேர்ந்த வெர்மிலியன்: கனமானது, ஒளி புகாதது, நெருப்புச் சிவப்பு. மற்றது சாயச் சிவப்பு: மெக்சிகோவின் கள்ளிச்செடியில் வளரும் கோச்சினீல் பூச்சியிலிருந்தோ, இந்தியாவிலிருந்து போன அரக்கிலிருந்தோ எடுத்த சாயத்தைப் படிகாரத்தோடு சேர்த்துப் படியவைத்தது, ஒளி ஊடுருவும், இரத்தினச் சிவப்பு. முதலாவதை அடியில் பூசி, இரண்டாவதை எண்ணெயில் நிறையக் கலந்து மேலே மெல்லிய படலமாக இழுத்தால் ஆழமான பட்டுச் சிவப்பு கிடைக்கும். இதே வாஷிங்டன் கூடத்தில் வான் டைக் 1623இல் வரைந்த எலெனா கிரிமால்டி கத்தானேயோவின் தலைக்கு மேல் சிவப்புக் குடை ஒன்று விரிந்திருக்கிறது. அதுவும் ஜெனோவாச் சீமாட்டியின் படம்தான். குடையைப் பிடித்திருக்கும் ஆப்பிரிக்க ஊழியருக்குத் தலைப்பில் இடமில்லை. ஆனால் படத்தின் நிறமே அவர் கையில் இருக்கிறது.

அரைக்கிலோ கூட வராத உலர்ந்த கோச்சினீலுக்குச் சுமார் 70,000 பூச்சிகள் தேவை. ஸ்பெயின் இந்த வணிகத்தை நெடுங்காலம் பொத்திப் பாதுகாத்தது. அதை உடைக்க ஆசைப்பட்டவர்களில் ஒருவர் நம் ஊரில் இருந்தார்: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன், கோச்சினீல் வளர்க்கவென்றே சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் போட்டார். மெக்சிகோவுக்குப் போட்டியாகும் தரத்தில் சிவப்பு கிடைக்கவில்லை.

சாயச் சிவப்பு வெளிச்சத்தில் மங்கும். அதிலுள்ள கரிமச் சேர்மங்களை ஒளி நேரடியாக உடைக்கிறது. வெர்மிலியனோ, ஒளியும் குளோரைடும் ஒன்றுசேர்ந்தால் சில இடங்களில் கறுத்துவிடும். இன்னொரு பக்கம், எண்ணெய் வயதாக ஆக அதன் ஒளிவிலகல் எண் 1.48இலிருந்து 1.52ஐத் தாண்டி உயர்கிறது. ஈய வெள்ளைக்கும் எண்ணெய்க்கும் இருந்த இடைவெளி சுருங்குகிறது. படலம் மெல்ல மெல்ல ஊடுருவிப் பார்க்கக்கூடியதாகிறது. ஓவியர் மறைத்த முதல் கோடுகள், மாற்றிய விரல்கள், இருண்ட அடிப்பூச்சு எல்லாம் நூறு இருநூறு ஆண்டு கழித்து மேலே எழும்புகின்றன.

ஈயமும் சும்மா இருப்பதில்லை. எண்ணெயிலிருந்து கழன்ற கொழுப்பு அமிலங்களோடு சேர்ந்து அது சோப்பாகிறது. சமையல் எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகும் அதே வகை வினை. ஓரளவு சோப்பு படலத்துக்கு வலுவூட்டுகிறது. அளவு மீறினால் அது திரண்டு, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணிகளாகி, மேல் வண்ணத்தைத் துளைத்து வெளியே வருகிறது. 1990களில் ஹேக் நகரின் மவுரிட்ஷாயிஸ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்டின் ‘டாக்டர் துல்ப்பின் உடற்கூற்றுப் பாடம்’ ஓவியத்தைச் செப்பனிட்டபோது இந்த மணிகள் கவனத்துக்கு வந்தன. மணல் ஒட்டியிருக்கிறது என்று தோன்றக்கூடிய சொரசொரப்பு, உண்மையில் ஓவியத்துக்குள்ளிருந்தே முளைத்தது. அதன் பிறகு தேடிய இடமெல்லாம், பல நூற்றாண்டு எண்ணெய் ஓவியங்களில், ஈய சோப்பு கிடைத்துக்கொண்டே இருக்கிறது. ஈரமும் வெப்பமும் இந்த வினையைத் தூண்டுகின்றன. ஓவியத்தைக் காப்பாற்ற ஒருகாலத்தில் சூடான இஸ்திரியும் ஈரப்பசையும் கொண்டு பின்னால் புதுத் துணி ஒட்டிய செப்பனிடல்கள், சில இடங்களில் அதை முடுக்கியும் விட்டிருக்கின்றன.

மனிதர் கை செய்த சேதம் வேதியியலைவிடப் பெரியது. பிரிஜிடாவின் படம் முதலில் முழு உருவமாக இருந்தது. பின்னால் யாரோ நான்கு புறமும் வெட்டிவிட்டார்கள். கான்வாஸ் வெட்டப்பட்டதைக் கண்டுபிடிக்கவும் எக்ஸ் கதிர் உதவும். துணியைச் சட்டத்தில் ஆணி அடித்து இழுத்து, பசையும் அடிப்பூச்சும் தடவினால், ஆணிக்கு ஆணி நூல்கள் அலையலையாக வளைந்த நிலையிலேயே இறுகிவிடும். எக்ஸ் கதிர்ப் படத்தில் அந்த அலை தெரியாத பக்கத்தில் விளிம்பு போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். இங்கே அதைவிட நேரான சான்றும் உண்டு. ரூபன்ஸ் இதே படத்துக்காக வரைந்த கோட்டோவியம் நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக் கல்லச்சுப் படம் ஒன்றும் இருக்கிறது. மாளிகையின் முன்தளத்தில் அடியெடுத்து நடந்துவரும் பெண்ணாகப் பிரிஜிடாவை அவற்றில் பார்க்கலாம். தரைவரை விழும் சாட்டினோடும், அந்த அகன்ற கட்டடத்தோடும் சேர்த்துப் பார்த்தால்தான் அவர் பார்வையின் உயரம் விளங்கும். தாழ்ந்த கோணத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும்படி அமைத்த படம் அது. இன்றைய சட்டத்துக்குள் அவர் நமக்கு மிக நெருக்கமாக வந்துவிட்டார். அந்த நெருக்கம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை ரூபன்ஸ் அமைக்கவில்லை.

எஞ்சியிருப்பதைக் காக்கும் வேலையில் அருங்காட்சியகத்துக்கு ஒரு முரண் உண்டு. சாயச் சிவப்பு மங்காமலிருக்க வெளிச்சம் குறைய வேண்டும். ஈய வெள்ளையைக் கட்டியிருக்கும் எண்ணெய் மஞ்சளடிக்காமலிருக்க வெளிச்சம் வேண்டும். ஒரே கான்வாஸில் இரண்டும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கின்றன. மங்கிய சிவப்பு திரும்ப வராது. அடித்த மஞ்சள் வெளிச்சத்தில் ஓரளவு திரும்பும். அதனால் சிவப்பின் பக்கமே சாய்கிறார்கள்: எண்ணெய் ஓவியக் கூடங்களில் வெளிச்சத்தைப் பெரும்பாலும் 200 லக்ஸ் அளவில் நிறுத்தி, புறஊதாக் கதிரை வடிகட்டி, காற்றின் ஈரப்பதத்தை 50 விழுக்காட்டை ஒட்டி வைக்கிறார்கள். ரூபன்ஸ் சொன்ன வெயில், பெட்டியிலிருந்து இறங்கிய புது ஓவியத்துக்கான மருந்து. நானூறு வயது ஓவியத்துக்கு அந்த அளவு வெயிலை இன்று எந்தப் பாதுகாவலரும் கொடுக்க மாட்டார்.